தறி இருந்த அறை



ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. மூட்டுவலி ஒரு காரணம், சோம்பல் இன்னொரு காரணம். இன்று எழுத உட்கார்ந்ததற்கு ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இதையாவது முழுதாகப் படியுங்கள். உங்களில் பாதிப் பேர் இப்போது வீட்டிலிருந்தே ஏதோ விற்கிறீர்கள் என்று தெரியும். மசாலாப் பொடி, நைட்டி, கம்மல், கேக், ஆன்லைன் டியூஷன். அதனால் இது உங்கள் கதையும்தான்.

என் பழைய மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம், அவள் கேட்டுக்கொண்டாள். நெசவாளர் வீட்டுப் பெண். அவள் அப்பா குழித்தறி போட்டிருந்த முன்அறையை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தறிதான், அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போக வேண்டும். அப்பா போன பிறகு தறி ஓயவே, குழியை மூடி சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஊரடங்கில் கணவருக்கு வேலை போனது. அவள் அதே அறையில் உட்கார்ந்து சேலைக்குக் குச்சுக் கட்டவும் ஃபால்ஸ் தைக்கவும் ஆரம்பித்தாள். அப்புறம் தெரிந்த நெசவாளர்களிடம் சேலை வாங்கி, போனில் படம் எடுத்துப் போட்டு, கூரியரில் அனுப்ப ஆரம்பித்தாள். இன்று இரண்டு பெண் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் அந்த அறையிலிருந்துதான் போகிறது.

போன பொங்கலுக்கு வந்தபோது நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஏம்மா ஒளிஞ்சு ஒளிஞ்சு தொழில் பண்றே? வாசல்ல ஒரு போர்டு மாட்டு" என்றேன். போர்டுக்கான காசும் நானே கொடுத்தேன். மூன்றடிக்கு இரண்டடி, மஞ்சளில் சிவப்பு எழுத்து. ஒன்றரை மாதம் ஆகியிருக்காது, டேப்போடு இரண்டு பேர் வந்து வீட்டை அளந்துவிட்டுப் போனார்கள். பிறகு நோட்டீஸ். குடியிருப்பு என்றிருந்த வீடு முழுவதும் வணிகப் பயன்பாடு என்று மாற்றப்பட்டிருக்கிறது, அரையாண்டுச் சொத்து வரி இவ்வளவு என்று. பழைய தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

"சார், போர்டைக் கழட்டிட்டா சரியாயிடுமா? இல்ல தொழிலையே நிறுத்திடட்டுமா?" என்று போனில் கேட்டாள். நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த போர்டு. ராத்திரி தூக்கம் வரவில்லை. சரித்திர வாத்தியாருக்குத் தூக்கம் வராவிட்டால் என்ன செய்வான்? பழைய புத்தகங்களை எடுத்தேன்.

வீட்டில் செய்யும் தொழிலுக்கு வரி என்பது புதிதே அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளின் பட்டியல் வரும்போது தறி இறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். தறிக்கு ஒன்று, செக்குக்கு ஒன்று, தட்டார் உலைக்கு ஒன்று. அதே காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது ஊர் நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு, வாய்க்கால் இவற்றை வரிக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத்தான் மீதி நிலத்துக்கு வரி சொல்கிறார்கள். நத்தம் என்றால் மக்கள் குடியிருக்கும் இடம். இன்றைக்கும் 'கிராம நத்தம்' என்று பட்டாவில் எழுதுகிறோமே, அதே சொல்.

கவனியுங்கள். குடியிருக்கும் மண்ணை நில வரிக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த மண்ணில் நிற்கும் தறியைச் சேர்த்தார்கள். வீடு வேறு, வீட்டுக்குள் இருக்கும் தொழில் வேறு என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் அலுவலகத்தில் முழு வீட்டையும் வணிகம் என்று எழுதியபோது எனக்கு முதலில் நினைவு வந்தது இதுதான்.

அதற்காகப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வரி கூடினால் ஜனங்கள் பொறுக்கவில்லை. 1429-இல் காவிரிப் பகுதியில் வலங்கை, இடங்கைப் பிரிவினர் தங்கள் சண்டையை ஒதுக்கி வைத்து ஒன்றாகக் கூடினார்கள். அதிகாரிகளும் நில உடைமையாளர்களும் இஷ்டத்துக்கு வசூலிப்பதை ஏற்க மாட்டோம் என்று சொல்லி, என்ன கொடுப்போம் என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். பிளஸ் டூவில் இதைப் பாடமாக நடத்தியபோது, "சார், கல்லுல வெட்டினா அதிகாரி மாத்த முடியாதில்ல" என்று ஒரு பையன் சொன்னான். சரியான பதில். கணக்கு என்ன என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு.

கம்பெனிக்காரன் வந்தான். அவன் காலத்தில் சென்னை ராஜதானியில் 'மொதர்பா' என்று ஒரு வரி. கைத்தொழில் செய்பவர் என்று பொருள் தரும் அரபுச் சொல்லிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. நெசவாளி, தச்சன், உலோக வேலை செய்பவன், கடை வைத்தவன் என்று சின்னத் தொழிலாளிகள் எல்லார் தலையிலும் விழுந்தது. வருமானம் இவ்வளவு, அதில் இவ்வளவு என்ற கணக்கு கிடையாது. தறி இருக்கிறதா, வரி கட்டு. 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தொடங்கிய சென்னை சுதேசிச் சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு நீண்ட மனு அனுப்பியது. அந்த மனுவின் முக்கியமான குறைகளில் ஒன்று இந்த மொதர்பா.

இதில் ஒரு வேடிக்கை. மனு போன பாராளுமன்றம் அதற்கு முந்தின வருடம், 1851-இல்தான், தன் சொந்த நாட்டில் ஜன்னல் வரியை ஒழித்திருந்தது. ஆமாம், ஜன்னலுக்கு வரி. 1696-இல் கொண்டுவந்தது. வீட்டுக்குள் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அதிகாரிக்குத் தெரியாது, ஆனால் தெருவில் நின்று ஜன்னலை எண்ணலாம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வெளிச்சமும் காற்றும் இல்லாமல் ஏழைகள் நோயில் கிடந்தார்கள். அடைத்த ஜன்னல்கள் இன்னமும் இங்கிலாந்துப் பழைய வீடுகளில் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதை வைத்து வரி போட்டால், ஜனங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப் பார்ப்பார்கள். "போர்டைக் கழட்டிட்டா சரியாயிடுமா" என்று அவள் கேட்டதும் செங்கல் வைத்த ஜன்னல்தான் என் கண் முன் வந்தது.

இனி இன்றைய வீட்டு வரிக்கு வருவோம். அதன் தாய்வீடு இங்கிலாந்து. முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், 1601-இல், ஊர்க்காரர்களிடம் வரி வசூலித்து அந்த ஊர் ஏழைகளைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்தது. அதில் வளர்ந்ததுதான் 'ரேட்ஸ்' என்ற வரி. யாருக்கு எவ்வளவு என்பதில் தகராறு வந்துகொண்டே இருந்ததால் 1836-இல் ஒரு பொது அளவு வைத்தார்கள்: இந்த வீட்டை வருடத்துக்கு வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும்? அதுவே மதிப்பு. 1688-இல் தொடங்கிய நம் சென்னை மாநகராட்சிக்கும், பின்னால் வந்த நகராட்சிகளுக்கும் இந்தக் கருத்து கப்பலேறி வந்தது. சென்னைக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்டு வாடகை மதிப்பைப் போடு, கட்டடத்துக்கான பங்கில் பழுதுபார்க்க என்று பத்து சதவீதம் கழி, மீதிக்கு வரி. என் தாத்தா காலத்து ரசீதெல்லாம் இந்தக் கணக்குதான்.

அந்தக் கணக்கின் அடிப்படையைப் பாருங்கள். வீட்டுக்காரன் என்ன சம்பாதிக்கிறான் என்று அது கேட்கவில்லை. கட்டடம் என்ன வாடகைக்குப் போகும் என்றுதான் கேட்டது. சம்பாத்தியத்துக்குத் தனியாகத் தொழில் வரி இருந்தது, இன்றும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவு அதற்கு வருடத்துக்கு 250 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. 1988-இல் அதை 2,500 ஆக்கினார்கள், இன்னும் அதே 2,500தான். ஆகவே 'வீட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாய்' என்பது மட்டும் சொத்து வரியைக் கூட்டக் காரணமாகாது. கட்டடத்தின் பயன்பாடு மாறியிருக்க வேண்டும்.

பயன்பாடு என்ற இந்தச் சொல்தான் இன்று காசு. 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியைச் சீரமைத்தது. சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் நடந்த முதல் பொதுச் சீராய்வு அது. சென்னை நீங்கலாக மற்ற ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம் உயர்வு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடத்துக்கு அளவே பார்க்காமல் 100. சின்ன வீட்டுக்காரருக்குக் கொடுத்த சலுகை 'வணிகம்' என்ற ஒரு வார்த்தையில் போய்விடும் என்பது புரிகிறதா?

அடுத்தது நகரமைப்பு விதி. வரி ஒரு பக்கம், 'இந்தத் தெருவில் இதைச் செய்யலாமா' என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீடு ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் என்று நகரத்தைப் பிரிப்பது நம் ஊர் வழக்கமே இல்லை. அக்கசாலைத் தெரு, கைக்கோளர் தெரு, குயவர் தெரு எல்லாம் குடியிருப்பும் பட்டறையும் ஒன்றான தெருக்கள். இங்கிலாந்தில் ஆலைப்புகையில் ஜனங்கள் மூச்சுத் திணறியபோது பிறந்த யோசனை அது. 1909-இல் அங்கே சட்டமானது, 1920-இல் சென்னை ராஜதானிக்கும் ஒரு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1914-15-இல், பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். நெசவாளர் நகரமான காஞ்சிபுரத்தின் அமைப்பைப் பார்த்து அவர் அசந்துபோனார் என்பது நமக்குப் பெருமை.

இப்போது நடப்பில் இருப்பது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். கட்டடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றினால் அனுமதி வேண்டும் என்கிறது. ஆனால் வீட்டையும் வளாகத்தையும் குடியிருப்புக்குத் துணையான காரியங்களுக்குப் பயன்படுத்துவது மாற்றமாகாது என்றும் சொல்கிறது. பிரிட்டனின் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த வாசகம். 'குறிப்பிடத்தக்க' என்பதற்கும் 'துணையான' என்பதற்கும் நடுவில்தான் நம் மாணவியின் தையல் மிஷின் நிற்கிறது.

பிரிட்டனில் இதை இப்போது கொஞ்சம் தெளிவாக்கி வைத்திருக்கிறார்கள். 1990-இல் இங்கிலாந்தில் வீடுகளுக்கு ரேட்ஸை ஒழித்து, தொழில் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிறகு வீட்டில் தொழில் செய்பவர் என்ன ஆவார் என்ற கேள்வி வந்தது. அரசாங்கமே ஜனங்களுக்கு எளிய மொழியில் எழுதி வைத்திருக்கிறது. படுக்கை அறையில் ஒரு மூலையை ஆபீஸாக வைத்தால், அல்லது சரக்கைத் தபாலில் அனுப்பி விற்றால், பொதுவாகத் தொழில் வரி கிடையாது. வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு வந்து வாங்கினால், வெளி ஆட்களை வேலைக்கு வைத்தால், கார் ஷெட்டை இடித்து முடி திருத்தும் கடையாக மாற்றினால் வரி வரலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. வீட்டுக்குள் பணம் வருகிறதா என்று கேட்கவில்லை. அந்த வீடு இன்னும் வீடாக இருக்கிறதா, தெருவுக்கு அதனால் என்ன மாற்றம் என்று கேட்கிறது.

நம் ஊரிலும் இந்த நியாயம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மின்சாரக் கட்டணத்தைப் பாருங்கள். நெசவாளர் வீட்டில் இருக்கும் கைத்தறிக்கு வீட்டுக் கட்டண விகிதம்தான். போதாததற்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். டாக்டரோ வக்கீலோ தன் வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்குள் ஆலோசனை அறை வைத்தால் அதற்கும் வீட்டு விகிதமே. சோழன் வரி போட்ட தறியை இன்றைய அரசு தாங்குகிறது. நல்லது. ஆனால் அதே அறையில், அதே நெசவாளியின் மகள், அதே சேலையை மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பினால் வணிகம். தறி ஓடிய காலத்தில் தெரு முழுக்கச் சத்தம் கேட்டது. இவள் வேலை செய்தால் டேப் ஒட்டும் சத்தம்கூட வாசலைத் தாண்டாது.

இங்கே நான் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வீட்டுத் திண்ணையில் 22 வருடம் டியூஷன் எடுத்தேன். உங்களில் பலர் அங்கே படித்தவர்கள். சாயங்காலம் ஆனால் முப்பது சைக்கிள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். எதிர்வீட்டு அம்மாள் கோலம் போட இடம் தேடுவார். காசு வாங்கித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒருவர் வந்து டேப் வைத்து அளக்கவில்லை, என் வீடு கடைசிவரை குடியிருப்புதான். வாத்தியார் வீடு அல்லவா! இங்கிலாந்துக்காரன் வைத்த கேள்விகளை எனக்குப் போட்டுப் பார்த்தால் நான் முதல் கேள்வியிலேயே மாட்டியிருப்பேன். அவள் தப்பித்திருப்பாள். இது எனக்கு அந்த ராத்திரிதான் உறைத்தது.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். சண்டை போடவில்லை. இரண்டு பக்க மனு. முதல் பக்கத்தில் வீட்டு வரைபடம்: மொத்தம் 780 சதுர அடி, அதில் முன்அறை 130. இரண்டாம் பக்கத்தில் நான்கு வரி: வாடிக்கையாளர் யாரும் வருவதில்லை, கூலியாள் இல்லை, கட்டட மாற்றம் இல்லை, மீதி அறைகளில் குடும்பம் இருக்கிறது. மூன்று முறை நடந்தோம். நேரில் வந்து பார்த்தவர் இளைஞர், பொறுமையாகக் கேட்டார். "போர்டு இருந்ததால கடைன்னு எழுதிட்டாங்க சார்" என்றார். கடைசியில் முன்அறை 130 சதுர அடியை மட்டும் வணிகம் என்று வைத்து, மீதியைக் குடியிருப்பாகத் திருத்தினார்கள். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்த அறையும் வீடுதான் என்பது என் வாதம். ஆனால் தறியையும் நத்தத்தையும் பிரித்துப் பார்த்த கணக்குக்காவது வந்து சேர்ந்தோம்.

வீட்டுத் தொழில் செய்யும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். வரி ரசீதில் உங்கள் வீடு எந்த வகையில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஒரு பகுதியில்தான் தொழில் என்றால் அளவு போட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள், வரி கூடினால் அவர் முகம்தான் முதலில் மாறும். அடுக்ககத்தில் இருந்தால் சங்க விதிகளைப் படியுங்கள். உணவுப் பொருள் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவை விடாதீர்கள், சிறு தொழிலுக்கு வருடம் 100 ரூபாய்தான். பொட்டலத்தில் முகவரி அச்சிட வேண்டும், ஜிஎஸ்டி எடுத்தால் தொழில் நடக்கும் இடமாக வீட்டு முகவரியைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே போர்டு இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தறிச் சத்தம் காட்டிக்கொடுத்தது, இப்போது காகிதம் காட்டிக்கொடுக்கும். மறைப்பதைவிட அளந்து சொல்வது லாபம்.

உங்களில் நகராட்சிகளிலும் வருவாய்த் துறையிலும் இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் எனக்குத் தெரியும். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வாசலில் நின்று போர்டை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே போய்ப் பாருங்கள். வாத்தியாருக்குக் காட்டிய கருணையைக் குச்சுக் கட்டுகிறவளுக்கும் காட்டுங்கள்.

போர்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை. முன்அறையின் உள்சுவரில், தறி இருந்த இடத்துக்கு நேர் மேலே மாட்டிவிட்டாள். சேலையை விரித்து வீடியோ எடுக்கும்போது பின்னால் பளிச்சென்று தெரிகிறது. பார்க்க வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்கிறாள். கெட்டிக்காரி. என்னிடம் படித்தவள்.

தப்பு ஏதும் இருந்தால் கூச்சப்படாமல் கீழே எழுதித் திருத்துங்கள். வீட்டில் எல்லாருக்கும் என் ஆசீர்வாதங்கள்.